மச்சானின் பேட்டரி

"அம்மா, கேமராவைத் திருப்பும்மா. உன் மூக்கு மட்டும்தான் தெரியுது. பேட்டரி எங்க?"

அத்தை பதறிப்போய்ப் போனைத் தள்ளிப் பிடித்து, எதையோ அழுத்தி, அது வேறு எங்கோ போய், மறுபடி வந்து, ஒருவழியாகக் கேமராவைத் திருப்பினார். இப்போது மச்சானுக்குப் பேட்டரி தெரிந்தது. அத்தைக்கு மச்சான் தெரிந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து இது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு இடத்தில், என் மனைவியின் அண்ணனுடைய கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நான் குனிந்து, மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியைப் பிளஸ்ஸிலும் கறுப்புக் கம்பியை மைனஸிலும் வைத்து அழுத்திக்கொண்டிருப்பேன். எனக்கு மூன்றாவது கை இல்லாததால் போனைப் பிடிக்கிற வேலை அத்தைக்கு. அதற்காக அவர் குளித்து, தலைவாரி, விசேஷத்துக்குக் கிளம்புகிறவர்போல நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்து நிற்பார், பிள்ளை பார்ப்பானே என்று. பிள்ளை பார்ப்பது என்னவோ பேட்டரியைத்தான். அத்தை திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சிரிப்பு மச்சானுக்குத் தெரியாது.

"எவ்ளோ காட்டுது மாப்ள?"

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு."

"போன வாரம் புள்ளி நாலு இருந்துச்சே. என்ன பண்ணீங்க?"

"நான் என்ன மச்சான் பண்ணப்போறேன்? வண்டி பாட்டுக்கு நிக்குது."

"சும்மா நிக்கிற வண்டில எப்படி இறங்கும்? ஸ்டார்ட் பண்ணி விட்டீங்களா? பிளஸ் பக்கம் வெள்ளையா பூத்திருக்கு பாருங்க. சோடா போட்டுக் கழுவினீங்களா இல்லையா?"

கழுவினேன். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் அந்த இரண்டு முனைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். என் பல்லை நான் அவ்வளவு சிரத்தையாகத் துலக்கியதில்லை. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, வாசலின் தடவி, கவ்வியின் நட்டை இறுக்கினேன். என் மனைவி குதிகால் வெடிப்புக்கு வாங்கிவைத்த வாசலின் டப்பாவில் பாதி இந்தப் பேட்டரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பான். கடைசியில், "சரிம்மா, சாப்பிட்டியா? உடம்பைப் பாத்துக்கோ. வேலை கிடக்கு, வெச்சிடறேன்" என்பான். அத்தை வாயைத் திறப்பதற்குள் திரை இருண்டுவிடும். முழங்கால் வலி, மேல்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனது, கண் டாக்டர் சொன்னது என்று வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சை அப்படியே தூக்கிக்கொண்டு அவர் படியேறிப் போவார். கம்பியைச் சுற்றி வைத்துவிட்டு நான் பானெட்டை இறக்குவேன். கொஞ்சம் வேகமாகத்தான் இறக்குவேன்.

மச்சான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது இரண்டை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஒன்று அவன் அம்மா, இன்னொன்று அவன் கார். அம்மாவை ஒப்படைத்தபோது "பாத்துக்கோங்க மாப்ள" என்று ஒரே வார்த்தையோடு சரி. காரை ஒப்படைத்தபோது அரைநாள் வகுப்பு எடுத்தான். வோல்ட் என்றால் என்ன, பன்னிரண்டரைக்கு மேலே இருந்தால் என்ன, கீழே போனால் என்ன, பேட்டரியின் மூடியில் இருக்கிற சின்னக் கண்ணாடி வட்டம் பச்சையாகத் தெரிந்தால் என்ன, கறுப்பாகத் தெரிந்தால் என்ன என்று ஒவ்வொன்றாக விளக்கிவிட்டு, அந்த மல்டிமீட்டரை எனக்குப் பரிசு மாதிரி கையில் கொடுத்தான். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவன் எனக்குத் தனியாக ஒன்றும் கொடுத்ததில்லை. "கொஞ்ச நாள்தான், வந்துடுவேன். வந்ததும் ஓட்டணும், அதான் விக்கல. ஆனா எடுக்காதீங்க மாப்ள, வேற ஆள் ஓட்டினா கிளட்ச் போயிடும்" என்றான். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போகிறது. அவன் கார் நிழலில் நிற்கிறது. என் ஸ்கூட்டர் தெருவில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அதன் சீட்டில் ஒரு நாய் படுத்திருக்கும். அதை எழுப்பினால் என்னைத்தான் அது அந்நியனைப்போல முறைக்கும்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. காலை முதல் சாயங்காலம் வரை வருகிறவர்களை உட்காரவைத்து, "இதுல தெளிவா தெரியுதா, இதுலயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பொறுமை இல்லாதவன் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்க முடியாது. அப்படிப்பட்ட நான், காரை விற்றுவிடச் சொல்லலாமே என்று ஒருநாள் வீட்டில் வாயைத் திறந்துவிட்டேன். அத்தை தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். பிறகு என் மனைவிதான் சொன்னாள். "கார் இங்க நிக்கிற வரைக்கும் அண்ணன் வருவான்னு அம்மாவுக்கு ஒரு நினைப்பு. அதை ஏன் கெடுக்கறீங்க?" நான் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஸ்கூட்டருக்கு ஒரு உறை வாங்கிக்கொண்டேன்.

இப்படியே போயிருந்தாலும் ஏதோ சமாளித்திருப்பேன். ஆனால் அந்தப் பேட்டரி நிலையாக நிற்கவில்லை. கழுவினாலும் இறங்கியது, கழுவாவிட்டாலும் இறங்கியது. திடீரென்று ஒருநாள் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று நாக்கைச் சப்புக்கொட்டுகிற சத்தம் மட்டும் வரும். அதில் எனக்குப் புரியாத ஒரு விஷயம் இருந்தது. பேட்டரி என்றைக்குச் செத்ததோ, அன்றைக்கே, புதன்கிழமையானாலும் வியாழக்கிழமையானாலும், மச்சானுக்கு மூக்கில் வேர்த்துவிடும். "பேட்டரி பாத்தீங்களா மாப்ள? சும்மா தோணுச்சு" என்று கூப்பிடுவான். நான் கீழே போய்ப் பார்த்தால் அது செத்துக் கிடக்கும். அத்தைக்கு அந்த நாட்களில் முகமே வேறு. எதிர்பாராத நாளில் பிள்ளை கூப்பிட்டுவிட்டானே! "பாத்தீங்களா, அவனுக்கு எல்லாம் தெரியுது" என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு வயிறு எரியும்.

பழைய பேட்டரி உயிரை விட்டுவிட்டது என்று பேட்டரிக் கடைக்காரர் சொல்ல, மச்சானின் அனுமதி பெற்றுப் புதுசு மாட்டினோம். புதுசும் இறங்கியது. அப்போதுதான் அவன் பேச்சில் தொனி மாறியது. ஒருமுறை கீழ்த்தளத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். எல்லோரும் வண்டியை வெளியே எடுக்கவேண்டும் என்றார்கள். நானும் எடுத்துப்போய் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, காய்ந்ததும் திரும்பக் கொண்டுவந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே போன். "வண்டியை எங்கயாவது எடுத்தீங்களா மாப்ள?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயின்ட் என்று சொன்னேன். "இல்ல, கேட்டேன். எடுத்தா சொல்லுங்க, தப்பில்ல. சொல்லாம எடுக்கறதுதான்" என்று பாதியில் விட்டான். அந்தப் பாதிதான் என்னைக் குத்தியது.

யார் சொல்லியிருப்பார்கள்? மனைவிதான் சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது சாப்பிடும்போது தெரிந்தது. "நிஜமா சொல்லுங்க. எப்பவாவது அதை எடுத்துட்டுப் போறீங்களா? இல்ல உள்ள உக்காந்து பாட்டு கேப்பீங்களா? அண்ணன் கோவப்பட மாட்டான். பேட்டரி ஏன் இறங்குதுன்னு தெரியணும்ல" என்றாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள். அவள் பொய் சொன்னாலும் நம்புகிற என்னை, நான் நிஜம் சொன்னாலும் நம்பவில்லை.  சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

நானும் வழி சொல்லிப் பார்த்தேன். "மைனஸ் கவ்வியைக் கழட்டி வெச்சிடலாம் மச்சான். மாசக்கணக்குல நிக்கிற வண்டிக்கு அதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க." மச்சான் துள்ளிக் குதித்தான். "அதெல்லாம் கூடாது! கடிகாரம் போயிடும், செட்டிங் எல்லாம் அழிஞ்சுடும். கழட்டவே கழட்டாதீங்க." யாரும் பார்க்காத கடிகாரம் சரியான நேரம் காட்டவேண்டுமாம். அவன் கார், அவன் கடிகாரம். விட்டுவிட்டேன்.

புது பேட்டரி மூன்றாவது தடவையாகக் காலை நீட்டியதும் அதைக் கழற்றி ஸ்கூட்டரில் கால் நடுவே வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "ரோஸ் வேண்டாம்னா விடு" என்றபடியே பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, மறுநாள் காலை சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தார். பழைய பேட்டரியையும் இதே கருவியால்தான் செத்ததென்று தீர்ப்புச் சொன்னவர் இவர். இப்போது, "பேட்டரி கல்லு மாதிரி இருக்கு சார். வண்டிக்குள்ள ஏதோ உக்காந்து தின்னுது" என்றார். "அப்ப பழைய பேட்டரியும் நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டேன். அவர் மறுபடி ரோஸ் நிறத்துக்குப் போய்விட்டார். நேரில் வந்து பார்க்க ஆள் இல்லை, நீங்களே பாருங்கள் என்று, பேசுகிற போனைக் கையால் பொத்திக்கொண்டு வழி சொன்னார். மைனஸ் கவ்வியைக் கழற்றி, கவ்விக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை மாட்டவேண்டும். வண்டி நிற்கும்போது எவ்வளவு மின்சாரம் போகிறதென்று அது காட்டும். பிறகு ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். எதைப் பிடுங்கும்போது சட்டென்று குறைகிறதோ, திருடன் அந்த வழியில்.

அன்றைக்கு எனக்கும் மனைவிக்கும் விடுமுறை. "நீயே வந்து பாரு. உன் கண்ணால பாரு. அப்புறம் நான் பாட்டு கேட்டேன், ஊர் சுத்தினேன்னு சொல்லக்கூடாது" என்று அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். அவள் பானெட் பக்கம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, உள்விளக்கு எரிந்து மீட்டரைக் குழப்பாதபடி கதவின் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, மல்லாக்கப் படுத்து, கடையிலிருந்து கொண்டுவந்த சின்னக் குறடால் ஃபியூஸ்களைப் பிடுங்கத் தொடங்கினேன். மூக்குக் கண்ணாடியின் காதை வளைக்கிற குறடு அது. என் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன ஆச்சு?" என்று கால்களிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"குறைஞ்சுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லங்க. அப்படியே இருக்கு."

"ஒழுங்கா பாக்கறியா?"

"உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து பாருங்க, நான் அங்க படுக்கறேன்."

பத்துப் பன்னிரண்டு ஃபியூஸ் போயிருக்கும். கழுத்து பிடித்துக்கொண்டது. மச்சானை நினைத்து ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே அடுத்ததைப் பிடுங்கினேன். மனைவி கத்தினாள். "குறைஞ்சிடுச்சு! ஏங்க, விழுந்துடுச்சு, ஒண்ணுமே இல்லாம போயிடுச்சு!"

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். புகைகிற சிகரெட். சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையின் ஃபியூஸ். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டுப் போன் வெளிச்சத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். கம்பெனிக் கம்பிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு நிற டேப் சுற்றி, தனியாகப் பிரிந்து, டேஷ்போர்டின் முதுகுப்பக்கம் ஏறியது. கையை விட்டுத் துழாவியதில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி விரலில் பட்டது. இழுத்தேன். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்போடு சேர்ந்து வந்தது. அதில் ஒரு பச்சைப் பொட்டு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

என்னவென்று எனக்குத் தெரியவில்லை. மனைவி ஒரு பார்வையில் கண்டுகொண்டாள். அவளுக்குச் சாமான் அனுப்புகிற கம்பெனியில் வேலை. "இது எங்க ஆபீஸ் வேன்ல எல்லாம் இருக்கு. வேன் எங்க போகுது, எங்க நிக்குதுன்னு உக்காந்த இடத்துலேர்ந்தே போன்ல பாப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணனா?"

வேறு யார்? நான் வண்டியை எடுக்கிறேனா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்காக அவன் வைத்துவிட்டுப் போன பெட்டி. அதுதான் ராத்திரி பகலாக உட்கார்ந்து பேட்டரியைத் தின்றது. தின்று தீர்த்ததும் அதுவும் செத்துப்போகும். அவன் போனில் கார் காணாமல் போகும். அவனுக்கு மூக்கில் வேர்க்கும். "பேட்டரி பாத்தீங்களா மாப்ள?" நான் கழுவின சோடாவும் தடவின வாசலினும் கண் முன்னால் வந்துபோயின. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மறைப்பானேன், சந்தோஷமாகவும் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேனே! ஃபியூஸை மறுபடி பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. "கூப்பிடு உன் அண்ணனை. இப்பவே கூப்பிடு" என்றேன்.  மனைவி என் சட்டையின் முதுகில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். கொஞ்சநேரம் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சத்தம் கேட்டு அத்தை இறங்கி வந்தார். "என்ன மாப்பிள்ளை அது?"

"உங்க பிள்ளை வேவு பாக்க வெச்ச மிஷின் அத்தை. நான் அவர் காரைத் தூக்கிட்டு ஓடிடுவேன்னு பயம்."

மனைவி விளக்கமாகச் சொன்னாள். அத்தை கதவருகே குனிந்து, கம்பியோடு தொங்கிய பெட்டியைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகுனிவார், வருத்தப்படுவார், பிள்ளையைத் திட்டுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"இதை அவன் தினமும் பாப்பானா?" என்று கேட்டார்.

"பாக்காமலா? பெயின்ட் அடிச்ச அன்னிக்கு உடனே கேட்டானே" என்றேன்.

"தினமுமா?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நான் எதைச் சொல்கிறேன், இவர் எதைக் கேட்கிறார்! பதில் சொல்ல வாயெடுத்தபோது அத்தையின் கையிலிருந்த போன் அடித்தது. மச்சான். பச்சை விளக்கு அணைந்து அரைமணிகூட ஆகியிருக்காது. நான் போனை வாங்கக் கை நீட்டினேன். வயிற்றில் எரிந்துகொண்டிருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடத் தயாராக இருந்தேன். அத்தை என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, அவரே பேசினார்.

"என்னப்பா, இன்னிக்குக் கூப்பிட்டிருக்கே?"

"சும்மாதான்மா" என்றான் அவன். "பேட்டரி... மாப்ள பேட்டரி பாத்தாரா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நீ எப்படி இருக்கே?"

சும்மா கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டவன் உடனே வைக்க முடியாதல்லவா? மாட்டிக்கொண்டான். காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. அத்தை காரின் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு முழங்காலில் ஆரம்பித்தார். மேல்வீட்டுக்காரர்கள் போனது, வந்திருப்பவர்கள் கதவை டமாரென்று சாத்துவது, கண் டாக்டர் சொட்டு மருந்தை மாற்றியது, அவன் சின்ன வயதில் சொட்டு மருந்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. அந்தப் பக்கம் மச்சான் சிரித்தது எனக்குக் கேட்டது. அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தன் அறையில் சமையல் அடுப்பு சரியில்லை என்றும், மூன்று நாளாக ரொட்டி தின்கிறேன் என்றும் அவன் சொன்னான். போன் சூடாகிவிட்டது. அத்தை காதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பேசினார்.

வைத்ததும் நேராக என்னைப் பார்த்தார். "அவன்கிட்ட இதைப் பத்திக் கேக்காதீங்க மாப்பிள்ளை. இருந்த இடத்துலயே வெச்சிடுங்க."

"என்ன அத்தை பேசறீங்க? என்னைத் திருடன்னு நினைச்சிருக்கான்!"

"நினைச்சிருக்கான். தப்புதான். அவனுக்குப் பதிலா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"நீங்க எதுக்குக் கேக்கணும்?"

"நீங்க கேட்டா அவன் என்ன சொல்வான்? கழட்டித் தூரப் போடுங்கன்னுவான். அதுக்கப்புறம் எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

மனைவிக்கு அப்போதுதான் கோபம் வந்தது, அதுவும் எனக்காக. "உன் பிள்ளை உன்கிட்டப் பேசணும்ங்கறதுக்காக இவரு காலம் பூராவும் கேணையனா நிக்கணுமா? அது நியாயமாம்மா?"

அத்தை யோசித்தார். சாக்குச் சொல்லவில்லை, அழவும் இல்லை.

"ஆமா" என்றார். "நியாயம் இல்லதான். ஆனா நிக்கணும்."

 ஆத்திரத்தோடு மறுபடி மல்லாக்கப் படுத்து, தலையை நுழைத்து, பிடுங்கிய ஃபியூஸ்களைச் செருகிவிட்டு, என்னை உளவு பார்க்கிற பெட்டியை என் கையாலேயே பழைய இடத்தில் ஒட்டினேன். பழைய டேப்பில் பசை போய்விட்டிருந்தது. மனைவி மேலே போய்ப் புது டேப் கொண்டுவந்து கொடுத்தாள். இப்படி ஒரு குடும்பத்தில் பெண்ணெடுத்தேனே என்று சொல்லிக்கொண்டேன். உரக்கத்தான் சொன்னேன். இரண்டு பேரும் கேட்காதமாதிரி இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் முன்னைவிடச் சூடாக இருந்தான். "புது பேட்டரி மாப்ள இது! இதையும் இப்படி இறக்கினா என்ன அர்த்தம்? டெர்மினல் டைட்டா இருக்கா? ஒரு பேட்டரியை ஒழுங்கா பாத்துக்க முடியாதா?" நாக்கு நுனியில் அந்தக் கறுப்புப் பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஒரு சொல் போதும், அவன் வாய் அடைத்துவிடும். நிமிர்ந்து பார்த்தேன். போனைப் பிடித்திருந்த அத்தையின் கை ஆடிக்கொண்டிருந்தது. "ஆட்டாதம்மா, நம்பர் தெரியல" என்றான் அவன்.

"பாத்துக்கறேன் மச்சான்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், கடையிலிருந்து வந்து ஸ்கூட்டருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலைவாரி, நல்ல துணி உடுத்தி, ஒரு கையில் கார்ச் சாவி, இன்னொரு கையில் போன்.

"ஒரு சுத்து போயிட்டு வரலாமா மாப்பிள்ளை? நின்னுக்கிட்டே இருந்தாதான் பேட்டரி போகுமாமே. ஓட்டினா நல்லதாமே."

"எங்க போகணும்?"

"எங்கயாவது. கொஞ்சம் தூரமா."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபோது சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவன்மேலா, அவர்மேலா, சாவியை வாங்கிக்கொண்ட என்மேலா என்று தெரியவில்லை. நல்லவேளையாக ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, போனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, பெயின்ட் அன்றைக்கு நிறுத்திய தெரு எல்லாம் போயிற்று. போன் சும்மா இருந்தது. அத்தை தெருவைப் பார்க்கவே இல்லை. "வேலைல இருப்பானோ?" என்றார். பிறகு, "பெட்டி சரியா ஒட்டியிருக்கா மாப்பிள்ளை?" என்றார். "ஒட்டியிருக்கு அத்தை" என்றேன். பெரிய சாலைக்கு வந்து, வேலை முடிந்து திரும்புகிற கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பினேன். ஊரைவிட்டு வெளியே போகிற பக்கம் அது.

போன் அடித்தது. திரை முழுக்க மச்சானின் முகம்.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எடுக்கவில்லை.

"எடுங்க அத்தை."

"இருங்க. எடுத்தா எங்க போறீங்கன்னு கேப்பான். சொன்னதும் வெச்சிடுவான். இன்னும் கொஞ்ச தூரம் போங்க."

போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. கியரை மாற்றினேன். முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக மெதுவாகி நின்றன. சிக்னல். நானும் நின்றேன். அதே சமயத்தில் போனும் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"சிவப்பு விழுந்துடுச்சு அத்தை."

"நிக்காதீங்க மாப்பிள்ளை. போயிடுங்க. நின்னா அவன் விட்டுடுவான்."

"எப்படி அத்தை போறது? ஆளுங்க கடக்கறாங்க பாருங்க."

பைகளோடும் குழந்தைகளோடும் ஆட்கள் கடந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பெரியவர் பாதி வழியில் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டார். அத்தை போனைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக அந்தச் சிவப்பு விளக்கை அண்ணாந்து பார்த்தபடி, இரண்டு உள்ளங்கைகளையும் டேஷ்போர்டில் வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.